ஐந்து விநாடியும் ஓராண்டும்



ஜூன் பிறந்தால் என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடர் களைகட்டிவிடும். அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டம் நமக்குக் காலைக் காபி வேளை. உங்களுக்குப் பிடித்த தொடர் எது என்று யாராவது கேட்டால், நான் இரண்டைச் சேர்த்து ஒன்றாகவே சொல்வேன்: 2013, 2014. இரண்டிலும் மோதியவை சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் மயாமி ஹீட்டும்தான்.

2013 ஜூன் 18, மயாமியில் ஆறாவது ஆட்டம். நான்கு வெற்றி பெற்றால் கோப்பை. ஸ்பர்ஸ் மூன்றை வென்றிருந்தது. 28 விநாடிதான் பாக்கி, ஐந்து புள்ளி முன்னிலை. பரிசளிப்பின்போது கூட்டத்தைத் தடுப்பதற்கான மஞ்சள் கயிற்றைக்கூட ஆடுகளத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மயாமி ரசிகர்கள் பலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அப்போது மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் மூன்று புள்ளி அடித்தார். ஸ்பர்ஸின் 21 வயது கவாய் லெனார்ட், கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். ஜேம்ஸ் மறுபடி எறிந்தது விழவில்லை. துள்ளிவந்த பந்தைப் பிடித்த சக வீரர் கிறிஸ் பாஷ், வலது மூலைக்குப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த ரே ஆலனிடம் தந்தார். ஆலன் மூன்று புள்ளிக் கோட்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. சரியாக அதற்கு வெளியே கால் ஊன்றி எறிந்தார். 5.2 விநாடி மீதம், 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

ஆலனின் அந்த எறிதலை அதிர்ஷ்டம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தரையில் படுத்து, துள்ளி எழுந்து, பின்னோக்கி மூலைக்கு ஓடிப் பந்தை வாங்கி எறிவதை வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர் ஆலன்.

ஆனாலும் என் மனம் ஸ்பர்ஸ் பக்கம்தான். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஆட்டத்தைச் சமன் செய்யும் வாய்ப்பு கூடைக்கு அடியிலேயே டிம் டங்கனுக்குக் கிடைத்தது. அடுத்தடுத்து இரண்டு முறை முயன்றார், விழவில்லை. எதற்கும் முகம் மாறாத அந்த 37 வயதுக்காரர், திரும்பி ஓடி வந்து கையால் தரையில் ஓங்கி அறைந்தார். அதைப் பார்த்து நெஞ்சு பிசையாத ரசிகர் இருக்க முடியாது.

பயிற்சியாளர் கிரெக் பாபவிச், அடுத்த பருவத்தின் பயிற்சி முகாமை அந்தத் தோல்வியின் வீடியோவைப் போட்டுக் காட்டித்தான் தொடங்கினார். அதற்குக் கிடைத்த பதில் 2014இன் மூன்றாவது ஆட்டம். முதல் பாதியில் 71 புள்ளி. நான்கு எறிந்தால் மூன்று விழுந்தது. பந்து யார் கையிலும் தங்கவில்லை. பிரான்ஸின் டோனி பார்க்கர், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி, ஆஸ்திரேலியாவின் பாட்டி மில்ஸ் என்று பல நாட்டுக்காரர்கள் கண்ணசைவிலேயே பேசிக்கொண்டார்கள். கனத்த உடம்போடு நிதானமாக ஆடும் போரிஸ் டியாவ், ஆள் வருவதற்கு முன்பே அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பினார். தொடர் 4-1. சராசரி வெற்றி வித்தியாசம் 14 புள்ளி. அதுவரையிலான இறுதித் தொடர் வரலாற்றில் அதுதான் அதிகம். முந்தைய வருடம் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட அதே லெனார்ட், 22 வயதில் தொடரின் சிறந்த வீரர்!

விடுமுறை நாளொன்றில் அந்த மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். யார் எறிந்தார் என்பதோடு, அதற்கு முந்தைய இரண்டு பாஸையும் கவனியுங்கள். உங்கள் மனதில் நிற்கும் இறுதித் தொடர் எது என்று எங்களுக்கு எழுதுங்கள், ஆசையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்