மீட்டர் இல்லாத தெருவும் பூங்காவும்

2005ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் 'ரீபார்' குழுவினர் வாகன நிறுத்தக் கட்டண மீட்டரில் நாணயமிட்டு, இரண்டு மணி நேரத்துக்குப் புல்தரையும் ஒரு மரமும் ஓர் இருக்கையும் அமைத்தனர். கட்டணம் செலுத்தியவர் அவ்விடத்தில் காரைத்தான் நிறுத்தவேண்டும் என்பதில்லை என்பதே அவர்களது வாதம். 2010இல் அந்நகரமே இதனையொட்டி ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

பெங்களூரு லிங்கராஜபுரத்தின் உட்தெருக்களில் இவ்வாதத்தை எழுப்பவும் வழியில்லை. நாணயமிட அங்கே மீட்டர் ஏது? ஒரு கார் அடைக்கும் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர். அதே அளவுள்ள அறையை வாடகைக்கு எடுப்பவர் பல மாத முன்பணம் கட்டுகிறார். காரோ இரவெல்லாம் இலவசமாக உறங்குகிறது. அவ்விடத்தில் நான்கு பூந்தொட்டிகளும் ஒரு பெஞ்சும் வைத்தால் மட்டும் 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல் பிறந்துவிடுகிறது. (தள்ளுவண்டிக்காரருக்கு அச்சொல் புதிதன்று, தெருவோர வியாபாரிகளைக் காக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.)

கார் வைத்திருப்போர் எங்கே செல்வர் என்பது வழக்கமான எதிர்வாதம். நிறுத்துமிடம் உண்டென்று சான்று காட்டிய பின்னரே காரைப் பதிவுசெய்யலாம் என ஜப்பான் 1962லேயே சட்டம் இயற்றிவிட்டது. நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பை உள்ளவாறு காட்டவேண்டும் என்று இந்தியாவின் 2006ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் கூறுகிறது. "தற்காலிகப் பூங்காதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆதரவாளர்கள் குழைவதற்கு அவசியமே இல்லை. மாநகராட்சி முதலில் உட்தெருக்களிலும் கட்டணம் விதிக்கட்டும். அதே கட்டணத்தைக் கட்டி ஒரு தெருவார் புல்தரை விரிக்க முன்வந்தால், எந்த விதியைக் காட்டி மறுப்பார்கள்?