தனித் துணை

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை ஏறினால் அன்றைக்கே நம்மவர் அனைவரும் அறிவர். ஒரு வீட்டுப் பிள்ளை போதைக்கு ஆட்பட்டதையோ அடுத்த வீட்டாரும் அறியார். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், குடும்ப மானம் கருதி அதனை மறைத்து விடுகின்றோம்.

இந்நகரில் 1971-இல் தோன்றிய கல்கத்தா சமாரிட்டன்ஸ் சங்கம், துயருற்றவர் பேச ஒருவர் பொறுமையுடன் செவிசாய்ப்பதையே தொண்டாகத் தொடங்கிற்று. பின்னர் போதைக்கு அடிமையானோருக்கும் உதவலாயிற்று. நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய துணையே வேண்டும். உறவினர் பத்துப் பேர் சூழ்ந்து விசாரித்தால் பிள்ளை பொய்யே உரைப்பான். தான் நம்பும் மாமாவிடமோ ஆசிரியரிடமோ வாரந்தோறும் தனித்துப் பேசினால் உண்மை மெல்ல வெளிப்படும். வைத்தியரிடம் செல்லவும் இசைவான். மீண்டும் வழுவினாலும் அவர் கைவிடலாகாது.

வழக்கு வருமென அஞ்சுவோர் ஒன்றறிதல் நலம். சிறிதளவு போதைப்பொருளுடன் அகப்பட்ட அடிமையும், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவனுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கின்றது. 14446 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

அன்பர்களே, நம் இல்லத்துப் பிள்ளை நம்பிப் பேசத்தக்க அந்த ஒருவர் யாரென இன்றே எண்ணிப் பார்ப்போமாக.