தோல் முதலில், ஷூ அப்புறம்தான்!

வேலூர், ஆம்பூர் பக்கத்து மக்களே! இன்டர்வியூவில் மடக்குற ஜாவா கேள்வி ஒண்ணு. 'தோல்'னு ஒரு கிளாஸ். அதோட வாரிசு 'ஷூ'. ஷூவுக்குள்ளே 'அளவு = 8'னு எழுதியாச்சு. புது ஷூ ஆப்ஜெக்ட் உருவாக்கினா எந்த கன்ஸ்ட்ரக்டரோட வேலை முதலில் முடியும்?

தோலோடதுதான். டேனரியில் ஊறவைச்சு, சுண்ணாம்பு போட்டு, பதனிட்ட பிறகுதானே ஷூ கம்பெனியில் வெட்டித் தைக்க முடியும்?

வில்லங்கமே இங்கேதான். ஷூ ஓவர்ரைடு செஞ்ச மெத்தடை, தோலோட கன்ஸ்ட்ரக்டர் கூப்பிட்டு அளவைக் கேட்டா 8 வராது பாஸ், 0 வரும்! ஆப்ஜெக்டுக்கான இடத்தை ஜாவா முதலில் 0 போட்டுத்தான் கொடுக்கும். தோல் முடிஞ்சாதான் 8 ஏறும். கம்பைலரோ கமுக்கமா இருந்துடும். அதனால கன்ஸ்ட்ரக்டருக்குள்ளே அந்த மாதிரி மெத்தட் வேண்டவே வேண்டாம். சி பிளஸ் பிளஸ்ஸில் இதையே செஞ்சா, ஷூவோட மெத்தட் ஓடவே ஓடாது, தோலோடதுதான் ஓடும். அது தனிக் கூத்து!