ஏணியிலிருந்து விழ அஞ்சியவர்கள்

"ஹிட்லரை ஜெர்மானியர்கள் ஓட்டுப் போட்டுத்தானே கொண்டுவந்தார்கள்? பசி வந்தால் ஜனநாயகமும் பறந்துவிடும்." விவாதங்களில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, குற்றத்தைப் பசித்தவர்கள் தலையில் கட்டுகிறது.

1928 தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்குகள். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1932இல் ஜெர்மனியில் வேலையற்றோர் சுமார் 60 லட்சம். அந்த ஜூலையில் நாஜிகளுக்கு 37.3 விழுக்காடு கிடைத்தது. சுதந்திரமான தேர்தலில் அவர்கள் எட்டிய உச்சம் அதுதான். நவம்பரில் அது 33.1 ஆகக் குறைந்தது. பெரும்பான்மை கிடைக்கவே இல்லை.

வேலையிழந்த தொழிலாளர்கள் அதிகமும் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள். ஹிட்லருக்குத் திரண்டவர்களில் சிறுகடைக்காரர்களும் நிலவுடைமை விவசாயிகளும் நடுத்தர வர்க்கத்தாரும் மிகுதி. எல்லாவற்றையும் இழந்தவர்களைவிட, இழந்துவிடுவோமோ என்று அஞ்சியவர்கள். தொழிலாளியோடு சமமாக நிற்க நேருமோ என்ற அச்சத்துக்கு நாஜிகள் யூதர்களை எதிரியாகக் காட்டினார்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை அறிந்த நமக்கு இந்த உளவியல் புதிதல்ல. ஏணியின் நடுப்படியில் நிற்பவர், மேலே இருப்பவரிடம் கணக்குக் கேட்பதைவிடக் கீழே இருப்பவர் ஏறிவிடாமல் தடுப்பதில்தான் குறியாக இருக்கிறார்.

இன்னொன்று, ஹிட்லர் வருவதற்கு முன்பே ஜெர்மன் ஜனநாயகம் உள்ளீடற்றுப் போயிருந்தது. வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்கான செலவை யார் சுமப்பது என்ற தகராறில் 1930 மார்ச்சில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த புரூனிங், அரசமைப்பின் 48ஆம் பிரிவைக் கொண்டு, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளால் ஆண்டார். ஊதியத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். 1932இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே. அவசர ஆணைகள் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நீதிபதிகளில் பலர் மன்னராட்சிக் காலத்தவர்கள். 1923இல் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்ற ஹிட்லர், தண்டனை பெற்ற ஒரே ஆண்டுக்குள் விடுதலையானதும் அவர்கள் தயவால்தான். சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒருவரையொருவர் முதல் எதிரியாகக் கருதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஹிட்லரைப் பிரதமராக்கியது வாக்குப்பெட்டி அல்ல. 1933 ஜனவரி 30 அன்று, தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய மேட்டுக்குடிப் பழமைவாதிகளின் ஆலோசனையில், ஹிண்டன்பர்க் அவரை நியமித்தார். மார்ச் 23 அன்று அமைச்சரவையே சட்டம் இயற்றும் அதிகாரத்தை 444 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. மே 2 அன்று தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் இரண்டு எச்சரிக்கைகள் தந்தார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்பது ஒன்று. சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையை வைத்துக்கொண்டு அரசியலில் மட்டும் சமத்துவம் பேசினால், அந்த ஜனநாயகமே ஆபத்துக்குள்ளாகும் என்பது மற்றொன்று.

ஆகவே, சாதி ஒழிப்பை ஜனநாயகத்தைக் காத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நண்பர்களோடு நான் உடன்படுவதில்லை. அடுத்த பொருளாதார நெருக்கடியை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அப்போது நடுப்படியில் நிற்பவர் யாரைப் பார்த்துக் கோபப்படுவார் என்பதை, இன்று அவரிடம் நாம் பேசும் சாதி எதிர்ப்பு அரசியல்தான் தீர்மானிக்கும்.