முற்றுக்குறியும் வெற்றுக்கட்டமும்

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு எம்மூர். சென்ற விடுமுறையில் அண்டை வீட்டு முதியவரொருவர், தம் முன்னோர் காலத்துக் கைப்பத்திரம் ஒன்றைத் தந்து, "தம்பி, தாள் நொறுங்குகிறது, கணினியில் ஏற்றித் தா" என்றார். அவ்வாறே செய்தேன். மாதத்தைக் குறிக்கும் ௴, ஆண்டைக் குறிக்கும் ௵, மேற்படி எனப் பொருள்படும் ௸ ஆகியன இடரின்றி வந்தன. ஆயின், எழுத்து முடிந்தமை காட்டும் முற்றுக்குறி வரவேண்டிய விடத்தே வெற்றுக்கட்டமொன்றே தோன்றிற்று. யான் அதனை அழித்துப் புள்ளியொன்று வைத்தேன். முதியவர் படியை மூலத்தோடு ஒப்புநோக்கி, "முடித்த அடையாளத்தைக் காணோமே, தம்பி! இதன் கீழ் எவரும் எதையும் எழுதிச் சேர்க்கலாமே!" என்றார். யான் விடையின்றி நின்றேன்.

அக்கட்டம் தோன்றிய காரணம் யாது? கணினி எழுத்தின் வடிவை அறியாது. அதற்குரிய எண்ணையே அறியும். உலக எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுப்பது ஒருங்குறி என்னும் முறை. நாள், மாதம், ஆண்டு முதலிய தமிழ்க் குறிகள் 2003ஆம் ஆண்டில் அதன்கண் இடம்பெற்றன. பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக வேறு 51 குறிகள் 2019ஆம் ஆண்டிற் சேர்ந்தன. அவற்றுள் இறுதியானது இம்முற்றுக்குறி. அதன் எண் 73,727. முதல் 65,536 இடங்களுக்கு அப்பாற்பட்டதாகலின், பழைய நிரல்கள் பல அதனை ஏலா. தமிழ் எழுத்துருக்களுட் பெரும்பாலன அதன் வடிவைக் கொண்டில. எண் உண்டு, உருவில்லை. வெற்றுக்கட்டத்தின் பொருள் இதுவே.

இவ்விடர் நமக்கே உரியதன்று. எத்தியோப்பிய எழுத்தில் சொல்லைப் பிரிக்க இரு புள்ளியும், வாக்கியத்தை முடிக்க நான்கு புள்ளியும் இடுதல் பழைய மரபு. 1999ஆம் ஆண்டிலேயே அவற்றிற்கு முறையே 4961, 4962 என்னும் எண்கள் வாய்த்தன. எனினும், விசைப்பலகையில் எளிதிற் கிட்டும் ஆங்கில முக்காற்புள்ளியை இருமுறை தட்டி நான்கு புள்ளியாக்குவோர் அந்நாட்டிலும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. உரிய குறியைத் தேடுவோர்க்கு அவ்வாக்கியங்களின் முடிவு அகப்படாது. நம்மவருள்ளும் 'எ' என்னும் எழுத்துக்கு ஈடாக ஏழென்னும் '௭' குறியை இடுவோர் உளரன்றோ?

"வழக்கொழிந்த குறிக்கு இத்துணைக் கவலை எற்றுக்கு?" எனச் சிலர் வினவுவர். நாள்தோறும் எழுதும் கடிதத்தில் அதனை மீட்டும் வழங்குக என்று யான் கூறவில்லை. புதிது எழுதுவோன் விரும்பியவாறு எழுதுக. ஆயின் பழையதைப் பெயர்த்தெழுதுவோனுக்கு அவ்வுரிமையில்லை. உள்ளதை உள்ளவாறே வைத்தல் அவன் கடன். சிறு குறியால் விளையும் கேட்டை ஏட்டுச்சுவடிகள் நன்கு காட்டும். குறில் எகர ஒகரங்களுக்குரிய புள்ளியை ஏட்டில் எழுதுவோர் விடுத்தமையின், குறிலும் நெடிலும் மயங்கின. அம்மயக்கத்தை நீக்க நெடிலின் வடிவை வேறுபடுத்தியவர், நம் பக்கத்து ஏலாக்குறிச்சியிற் கோயில் எடுத்த வீரமாமுனிவர் என்பர். ஒரு புள்ளியின் பொருட்டு அயல்நாட்டார் ஒருவர் கொண்ட கவலையைத் தமிழ் பயிலும் நாம் கொள்ளலாகாதா?

செய்யத்தக்கது அரிதுமன்று. கூகிள் நிறுவனத்தாரின் நோட்டோ வரிசையில் இக்குறிகளுக்கென ஓர் எழுத்துரு விலையின்றிக் கிடைக்கிறது. சுவடியும் பத்திரமும் பெயர்ப்போர் அதனை நிறுவிக்கொள்க. உரு தோன்றாத விடத்தும் எண்ணை அழியாது வைக்க. பின்வருவோர்க்கு அது பயன்படும். தமிழ் எழுத்துரு அமைப்போர் இவ்வைம்பத்தொரு குறிகளையும் சேர்த்து அமைக்க. எண் கொடுத்தல் அறிஞர் அவையின் செயல். வழக்கிற் கொணர்தல் நம் செயல்.

யானும் அப்படியைத் திருத்தி, மறுபடியும் அச்சிட்டு முதியவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் நோக்கியது கடைசி வரியையே.