சீசனுக்குச் சீசன் கலையும் அணி: திருவண்ணாமலை கால்பந்து ரசிகர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
திருவண்ணாமலை நகரக் கால்பந்து ரசிகர்கள் சங்கத்தினர்,
திருவண்ணாமலை.

பெறுநர்:
1. தலைவர் மற்றும் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு கால்பந்து சங்கம், சென்னை.
2. உறுப்பினர் செயலர் அவர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.

பொருள்: சீசன்களுக்கு இடையே தொழில்முறைக் கால்பந்து அணிகளில் நடக்கும் ஆள்மாற்றத்தை முன்கூட்டி அறிவித்தல், தமிழ்நாட்டு வீரர்களுக்கு இடம் தருதல், மாவட்டப் பயிற்சியைப் பதிவு செய்தல் – கோரிக்கை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



எங்கள் ஊரைத் தீபத்தாலும் கிரிவலத்தாலும்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். இதே ஊரில், சென்னையின் எஃப்.சி. ஆடும் இரவுகளில் கடையைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிட்டு ஆட்டம் பார்க்க உட்காருகிறவர்களும் இருக்கிறோம். ஆசிரியர்கள், பூக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள், மைதானத்தில் விடியற்காலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் பெற்றோர்கள் என எல்லோரும் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். இந்த மனுவை வருத்தத்தோடு எழுதினாலும், நம்பிக்கை இழந்து எழுதவில்லை.

2025-26 சீசனின் நிலை

2010-இல் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் நாளோடு முடிந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டப்படாததால் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தள்ளிப்போனது. 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பயிற்றுநர் ஓவன் காய்ல் விலகினார். வீரர்கள் பலர் வேறு இடம் தேடிப் போனார்கள். 2026 ஜனவரியில், லீக் பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. சில வாரங்களே இருந்த நிலையிலும், நம் அணியில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதை ஒரே இடத்தில் முழுமையாகத் தெரிந்துகொள்ள ரசிகனுக்கு வழியில்லாமல் இருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு எந்த ஒரு கிளப்பையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அணி கலைவது அந்த சீசனில் தொடங்கியதல்ல என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

பத்தாண்டுகள் சொல்லும் பாடம்

2015 டிசம்பரில் கோவாவில் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வென்று சென்னையின் எஃப்.சி. முதல் முறை கோப்பையைத் தூக்கியது. அந்தத் தொடரில் 13 கோல் அடித்த ஸ்டீவன் மெண்டோசா அடுத்த சீசனில் இல்லை, நட்சத்திர வீரர் எலானோவும் இல்லை. 2016-இல் 8 அணிகளில் 7-ஆம் இடம்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூருவிலேயே பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்று இரண்டாம் கோப்பை. அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளி. 10 அணிகளில் கடைசி இடம்.

2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாக ஆளில்லாத அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் தோற்றோம். அந்த சீசனில் 15 கோல் அடித்த நெரியுஸ் வால்ஸ்கிஸும் அணியை அடிமட்டத்திலிருந்து இறுதிவரை கொண்டுவந்த காய்லும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். அடுத்த சீசனில் 11 அணிகளில் 8-ஆம் இடம். 2022 ஜனவரியில் லல்லியன்சுவாலா சாங்தே மும்பை சிட்டிக்குப் போய், அடுத்த சீசனில் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023-இல் அனிருத் தாப்பா மோகன் பகானுக்குப் போனார். 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-ஆம் இடம்.

பயிற்றுநர் மாற்றமும் இதே கதைதான். 2019-20-இல் காய்ல், அடுத்து சாபா லாஸ்லோ, அடுத்து போஸிதர் பாண்டோவிச், அடுத்து தாமஸ் பர்தாரிச், 2023-24-இல் மீண்டும் காய்ல் என்று ஐந்து சீசன்களிலும் பயிற்றுநர் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு பயிற்றுநர் தன் பாணிக்கு ஆள் எடுக்கிறார். அடுத்தவர் வந்து வேறு பாணிக்கு வேறு ஆள் கேட்கிறார். இடையில் மாட்டிக்கொள்வது 20 வயதுப் பையன்.

இதில் ஒரு நியாயத்தையும் பதிவு செய்கிறோம். 2018-இல் கோப்பை வென்ற அணியின் முக்கிய வீரர்கள் பெரும்பாலும் கலையாமல்தான் இருந்தார்கள். பயிற்றுநர் ஜான் கிரகரியும் தொடர்ந்தார். ஆனாலும் அணி கடைசி இடத்துக்குப் போனது. ஆகவே ஆளை மாற்றாமல் இருந்தால் போதும் என்பது எங்கள் வாதமல்ல. மாற்றத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். போகிற இடத்தை நிரப்ப உள்ளூரில் ஆள் தயாராக இருக்க வேண்டும். ரசிகனுக்கு அது சொல்லப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாத மாற்றத்தைத்தான் குறை என்கிறோம்.

சென்னை சிட்டியின் அனுபவம்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, தமிழ்நாட்டின் மற்றொரு தொழில்முறைக் கிளப்பான சென்னை சிட்டி எஃப்.சி., மற்றொரு தேசியத் தொடரான ஐ-லீக்கின் சாம்பியன் ஆனது. பயிற்றுநர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். தமிழ்நாட்டு வீரர்கள் அந்த அணியின் முதுகெலும்பாக நின்றார்கள். அந்தக் கடைசி லீக் ஆட்டத்துக்குக் கோவை திரண்டு வந்ததை மறக்க முடியாது.

அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எட்வின் வன்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நெஸ்டர் கோர்டியோ ஐதராபாத் சென்றார். மான்சி அடுத்த சீசனின் நடுவிலேயே ஜப்பானுக்குப் போனார். அலெக்சாந்தர் ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவில் சேர்ந்தார். கோப்பை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் அந்தக் கிளப்பே ஐ-லீக்கில் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஐ-லீக் கோப்பை கொண்டுவந்த ஒரே அணி அது.

நாங்கள் எதை எதிர்க்கவில்லை

வீரர் நல்ல சம்பளத்துக்கு வேறு ஊர் போவதை நாங்கள் ஒருபோதும் மறிக்க மாட்டோம். கால்பந்து வீரனின் உழைக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். முழங்கால் ஒரு முறை போனால் அதுவும் இல்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போய் ஆடியது தமிழ்நாட்டுக்குப் பெருமை. 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரான ஒரே கோலை நந்தகுமார் சேகர் அடித்தபோது எங்கள் தெருவிலும் கைதட்டினோம். காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்.சி.யில் ஆடி, 2022-23-இல் லீக்கின் வளரும் வீரர் விருது வாங்கினார்.

இவர்கள் போனதில் குறையில்லை. இவர்களில் பலர் தங்கள் சிறந்த ஆண்டுகளை வெளிமாநில அணிகளில் ஆடியதும், இவர்களுக்கு அடுத்த வரிசை இங்கே தயாராகாததும்தான் குறை. ஐ.எஸ்.எல். விதிப்படி ஓர் அணியில் அதிகபட்சம் 6 வெளிநாட்டவர். களத்தில் ஒரே நேரத்தில் 4 பேர். மீதி இடமெல்லாம் இந்தியர்களுக்கு. வெளிநாட்டு வீரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்கே. ஆகவே அணியின் தொடர்ச்சி இந்திய வீரர்களால்தான் வரும். அதிலும் பெற்றோரும் உறவும் இங்கேயே உள்ள தமிழ்நாட்டு வீரர்களால் வந்தால் அது நிலைக்கும். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக வியாசர்பாடியின் தனபால் கணேஷ் அடித்த கோல் உள்ளூர் வீரரின் மதிப்புக்குச் சான்று.

பதிவில்லாத பயிற்சி

ஆள்மாற்றத்தால் மாவட்டங்களுக்கு வர வேண்டிய நியாயமான பங்கும் வருவதில்லை. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறினால், மாற்றுத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். தொகை 1 கோடி ரூபாய் என்றால் பங்கு 5 லட்சம்; 12 முதல் 15 வயது வரை நான்கு ஆண்டுகள் பயிற்சி தந்த கிளப்புக்கு அதில் 1 லட்சம். ஒரு மாவட்டக் கிளப்புக்கு ஓர் ஆண்டுக்கான பந்தும் பூட்ஸும் வலையும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் அந்தப் பையன் அந்த வயதில் எங்கே ஆடினான் என்பதற்குப் பதிவு இருந்தால்தான் இது கிடைக்கும். கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் மாவட்டக் கிளப் பதிவு செய்யாவிட்டால், திருவண்ணாமலையில் 12 வயதில் பந்து பழகியவனின் கணக்கு, அவன் 17 வயதில் சென்னையில் சேரும் நாளில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டு உழைப்பு ஏட்டில் இல்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு சீசன் முடிந்த 30 நாட்களுக்குள், தக்கவைக்கப்படும் வீரர்கள், விடுவிக்கப்படும் வீரர்கள், ஒப்பந்தம் முடியும் ஆண்டு ஆகியவை அடங்கிய பட்டியலைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழில்முறைக் கிளப்புகள் தமிழில் வெளியிட வேண்டும். இங்கிலாந்துக் கிளப்புகள் ஆண்டுதோறும் கோடையில் இத்தகைய பட்டியலை லீக் வழியே வெளியிடுகின்றன. சம்பள விவரம் எங்களுக்கு வேண்டாம். பெயரும் காலமும் போதும்.

2. முதல் அணியில் தமிழ்நாட்டில் வளர்ந்த வீரர்கள் குறைந்தது 6 பேர் பதிவாகவும், அவர்களில் இருவராவது 21 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவும் கிளப்புகளோடு தமிழ்நாடு கால்பந்து சங்கம் உடன்பாடு காண வேண்டும். ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ பாஸ்க் மண்ணின் வீரர்களை மட்டுமே ஆட வைத்தும் முதல் பிரிவிலிருந்து ஒரு முறைகூட இறங்கியதில்லை. அவ்வளவு கண்டிப்பை நாங்கள் கேட்கவில்லை.

3. சென்னை நேரு விளையாட்டரங்கம் அரசின் சொத்து. அதைக் கிளப்புகளுக்கு வாடகைக்கு விடும்போது, மேற்கண்ட இரண்டு கோரிக்கைகளையும் உடன்படிக்கையில் சேர்ப்பதை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பரிசீலிக்க வேண்டும்.

4. திருவண்ணாமலை மாவட்டத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் கால்பந்து வீரர், வீராங்கனைகளையும் மையப் பதிவு முறையில் சேர்க்க, மாவட்ட விளையாட்டரங்கில் ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமில்லாப் பதிவு முகாம் நடத்த வேண்டும். உள்நாட்டு மாற்றங்களிலும் பயிற்சி தந்த கிளப்புக்குப் பங்கு சேருவதை உறுதி செய்யுமாறு அகில இந்தியக் கூட்டமைப்பை வலியுறுத்த வேண்டும்.

5. முதலமைச்சர் கோப்பையின் மாவட்டக் கால்பந்து ஆட்டங்களுக்குக் கிளப்புகளின் தேர்வாளர்கள் வர ஏற்பாடு செய்ய வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களுக்குப் பொதுவான தேர்வு முகாமை எங்கள் நகரில் நடத்த வேண்டும். அடிக்கடி சென்னைக்குப் போய்வர வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இதுவே வாசல்.

6. அதே முகாம் பெண்களுக்கும் நடத்தப்பட வேண்டும். கடலூர் மாவட்டம் இந்திய அணிக்கு இந்துமதி கதிரேசனைத் தந்தது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. பெண்கள் ஆடும் சீசன் குறுகியது. ஒப்பந்தமும் குறுகியது. அவர்களுக்கு ஈராண்டு ஒப்பந்தம் கிடைக்க முயற்சி எடுக்க வேண்டும்.

7. அணி முழுமையான பின், லீக்குக்கு முன் ஒரு நட்பு ஆட்டத்தைத் திருவண்ணாமலையில் நடத்த வேண்டும். புதிதாக வந்தவர் யார், எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை மக்கள் நேரில் பார்க்கட்டும். பௌர்ணமி நாட்களிலும் தீபத் திருவிழாவின்போதும் காவல்துறையும் பேருந்துகளும் கிரிவலத்துக்கே போதாது. அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டுகிறோம்.

8. கிளப் நிர்வாகம், கால்பந்து சங்கம், ரசிகர் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இருமுறை, சீசன் முடிந்த பின்னும் தொடங்குமுன்னும், ஒன்றாக அமர்ந்து பேச ஒரு குழு அமைக்க வேண்டும்.

எங்கள் தரப்பில்

கேட்பதோடு நிற்க மாட்டோம். பதிவு முகாமுக்கு வேண்டிய தன்னார்வலர்களையும், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று திரட்டும் உதவியையும் நாங்கள் தருகிறோம். நட்பு ஆட்டத்துக்கு வரும் அணிக்குத் தங்குமிடமும் உணவும் எங்கள் பொறுப்பு. விலகிப் போகும் எந்த வீரரையும் இழிவாகப் பேசுவதில்லை என்று எங்கள் உறுப்பினர்கள் உறுதி எடுத்திருக்கிறார்கள். அணி தோற்கும் சீசனிலும் உறுப்பினர் சந்தா கட்டி, பேருந்து பிடித்துச் சென்னை வந்து அரங்கில் அமர்வோம்.

ஒரு ஜெர்சியின் முதுகில் உள்ள பெயரைப் படித்துத்தான் ஒரு பிள்ளை கால்பந்துக்குள் வருகிறது. அந்தப் பெயர் ஓராண்டுக்குள் அழிந்துபோனால் பிள்ளையின் ஆர்வமும் கலைகிறது. அந்தப் பெயர் பக்கத்து மாவட்டத்துக்காரருடையது, இன்னும் இரண்டு ஆண்டு இங்கேதான் ஆடுவார் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை மறுநாள் காலையிலேயே மைதானத்துக்கு வரும். தமிழ்நாட்டுக் கால்பந்தின் எதிர்காலம் அந்த வருகையில் இருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஆகவே மேற்கண்ட எட்டுக் கோரிக்கைகளையும் பரிசீலித்து, எவற்றை இந்த ஆண்டே செய்ய முடியும், எவற்றுக்குக் கால அவகாசம் வேண்டும் என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பதிவு முகாமுக்கு மட்டும் அடுத்த சீசன் வரை காத்திருக்கத் தேவையில்லை. தாங்கள் உத்தரவிட்டால் வரும் பள்ளிக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
திருவண்ணாமலை நகரக் கால்பந்து ரசிகர்கள் சங்கம்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: ஜனவரி 2026

நகல்:
1. மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவண்ணாமலை.
2. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்கள், திருவண்ணாமலை.
3. நிர்வாகம், சென்னையின் எஃப்.சி., சென்னை.
4. பொதுச் செயலாளர் அவர்கள், அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு, புதுதில்லி.