அடுத்த வீட்டில் இருக்கிறது விதை



2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். வீட்டில் ஏதாவது பயிரிடட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். வளவு இருந்தது, நேரம் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் விதைக்குக் கடைப் பைக்கற்றைத்தான் பல வீடுகள் எதிர்பார்த்து நின்றன.

நமது உம்மம்மாமார் விதை வாங்கக் கடைக்குப் போகவில்லை. பூசணி விதையும், போத்தலில் பயற்றம் விதையும், சாம்பல் பிரட்டிய வெண்டி விதையும் குசினியிலேயே இருந்தன. இல்லாததை அடுத்த வளவில் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போனதுதான் நமது நட்டம். அதை மீட்பதற்குப் பணம் தேவையில்லை, கொஞ்சம் கவனம் போதும்.

எந்த விதையை எடுப்பது?

பைக்கற்றில் 'எப்.1' அல்லது 'கலப்பினம்' என்று போட்டிருந்தால் அதன் காய் நல்ல கறியாகும். ஆனால் அதன் விதையை முளைக்க வைத்தால் தாய்ச்செடியைப் போல் வராது. ஒன்று உயரும், ஒன்று குட்டையாகும், காயும் பல விதமாகும். நாட்டு இனங்களும், விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின தக்காளி, ஹரித வெண்டி போன்றவையும் விதை எடுக்க ஏற்றவை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பயற்றை, தக்காளி ஆகியவற்றில் தொடங்குங்கள். இவை பெரும்பாலும் தம் பூவிலேயே கருக்கட்டுவதால் இனம் எளிதில் கலக்காது. பச்சை மிளகாயையும் கறிமிளகாயையும் அருகருகே வைத்து விதை எடுத்தால், அடுத்த முறை பிள்ளைக்கு வதக்கிக் கொடுக்கும் கறிமிளகாய் உறைக்கக்கூடும். பூசணியில் தேனீயின் வேலை அதிகம். நாளை விரியப்போகும் பெண்பூவை, அதாவது அடியில் பிஞ்சு உள்ள மொட்டை, மாலையில் நூலால் கட்டிவிடுங்கள். விரியவுள்ள ஓர் ஆண்பூவையும் அவ்வாறே கட்டுங்கள். காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்டிவிட்டால் இனம் கலக்காது.

இன்னொரு விடயம். முதலில் வரும் நல்ல காய்களைச் சமைத்துவிட்டு, கடைசியில் சூம்பிப்போன காயை விதைக்கு விடுவது பல வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் வருடத்துக்கு வருடம் நோஞ்சான் செடிகளே மிஞ்சும். நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடியில் முதலிலேயே ஒரு துணித்துண்டைக் கட்டி, "இது விதைக்கு, யாரும் பறிக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

எடுப்பதும் காப்பதும்

பயற்றையும் வெண்டியும் கொடியிலும் செடியிலுமே காய்ந்து சலசலக்க வேண்டும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பூசணியைப் பறித்ததும் வெட்டாமல் மூன்று கிழமை வைத்திருந்தால் விதை நன்றாக முற்றும். தக்காளி விதையை அதன் வழுவழுப்போடு ஒரு கோப்பையில் இட்டு, சிறிது தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். வழுவழுப்பு கரைந்து நல்ல விதை அடியில் தங்கும். கழுவிப் பீங்கானில் பரப்புங்கள். கடதாசியில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

விதையை நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். நடுப்பகல் வெயிலில் சீமெந்துத் தரையில் போட்டால் வெந்துவிடும். பூசணி விதை வளைந்தால் இன்னும் ஈரமுண்டு, 'டக்' என்று முறிந்தால் காய்ந்துவிட்டது. பின்னர் இறுக்கமான மூடியுள்ள போத்தலில், வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணியில் முடிந்து அதனோடு போடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பயற்றம் விதையில் அடுப்புச் சாம்பலைக் கலந்தால் வண்டு குறையும். இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். நடுவதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நம்பி நடலாம்.

பஞ்சத்துக்கு முந்திய செழிப்பான வருடங்களில், உண்பதற்கான சிறிதளவு போக மீதித் தானியத்தைக் கதிர்களிலேயே விட்டுவைக்குமாறு நபி யூஸுப் (அலை) அவர்கள் ஆலோசனை கூறியதை அல்குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தில் வாசிக்கிறோம். நாளைக்கென்று எடுத்து வைப்பது அவ்வளவு பழைய அறிவு.

மண்ணைக் கொத்தாமலும் பயிரிடலாம்

ஜப்பானில் மசனோபு புகுவோக்கா என்பவர் இருந்தார். தாவர நோய்களைப் படித்து, யொகோஹாமா சுங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டு ஷிகோகு தீவிலுள்ள தன் கிராமத்துக்குத் திரும்பி, நிலத்தை உழாமல், இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இல்லாமல் பல்லாண்டுகள் நெல் விளைவித்தார். அறுவடையான வைக்கோலை வயலிலேயே பரப்பினார். 1975இல் அவர் எழுதிய நூல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. ஆரம்பத்தில் தோடை வகை மரங்களைக் கவனியாது விட்டதால் பல மரங்கள் பட்டுப்போனதை அவரே எழுதியிருக்கிறார். ஆகவே கொத்தாமல் விடுவது வேறு, கைவிடுவது வேறு.

நமது வளவில் இதை எப்படிச் செய்யலாம்? தினமும் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்துத் தீ வைக்கிறோமே, அந்தச் சருகுதான் பசளை. புல்லை அடியோடு வெட்டி அங்கேயே போடுங்கள். அதன்மேல் பழைய கடதாசிப் பெட்டிகளை விரித்து நனையுங்கள். அதற்கு மேல் சருகு, வைக்கோல், சீமைக்கிளுவை இலை ஆகியவற்றை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது. மண்புழு வந்து மண்ணை இளக்கும். கிழக்குக் கரையின் மணல் நிலத்தில் ஊற்றிய தண்ணீர் உடனே வடிந்துவிடும். அங்கே இந்த மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண்ணைப் புரட்டும்போது அடியில் தூங்கும் களை விதைகளும் மேலே வந்து முளைக்கின்றன. கொத்தாவிட்டால் அந்தத் தொல்லையும் குறையும்.

மூடாக்கு செடியின் தண்டைத் தொடக் கூடாது. மாரியில் அதன் அடியில் நத்தைகள் ஒளிந்துகொள்ளும். காலையில் பொறுக்கிவிடுங்கள். மிதிபட்டு இறுகிய மண்ணை முதலில் ஒருமுறை இளக்கத்தான் வேண்டும். பலன் ஒரே போகத்தில் வராது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியபோது நாடு கண்டதும் அதைத்தான். மண் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரே நாளில் மாறாது, சிறுகச் சிறுகத்தான் மாறும்.

கொடுத்தால் திரும்பி வரும்

கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய, விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபணு வள நிலையம் நாட்டின் பயிர் விதைகளைக் குளிரறைகளில் பாதுகாக்கிறது. அது நாட்டுக்கான களஞ்சியம். ஊருக்கான களஞ்சியம் நமது குசினிகள்தான். ஒரே வீட்டில் இருக்கும் விதை ஒரு வெள்ளத்தோடு போய்விடும். பத்து வீட்டில் இருந்தால் ஒன்பதில் அழிந்தாலும் பத்தாவதில் கேட்டு வாங்கலாம். அறிவும் அப்படியே. எந்தப் பூசணி மழைக்கு அழுகாது, எந்தக் கத்தரி உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பது உங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு வயதான மாமிக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்கலாம்.

இந்த மாதம் ஒரே ஒரு செடியில் துணியைக் கட்டுங்கள். அதன் விதையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை நடுங்கள், ஒரு பங்கைப் போத்தலில் வையுங்கள், மூன்றாவது பங்கைக் கடதாசியில் மடித்து, பெயர் எழுதி, அடுத்த வீட்டு ராத்தாவிடம் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போகும் ஒரு வருடத்தில் அவர் கையிலிருந்து அது உங்களிடம் திரும்பி வரும், இன்ஷா அல்லாஹ்.